பவளம் வெளுத்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கடலூர் செம்மண்டலத்தில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சர்க்கரைச் சத்து மிகுந்த கோ.சி. 671 ரகம் அங்கே உருவானதுதான். அது செவ்வழுகல் நோய்க்கு எளிதில் இடம் கொடுத்துவிடும் ரகம். அதனால் அந்த வட்டாரத்து விவசாயிகளுக்குச் செவ்வழுகலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோகை மஞ்சளாகிக் காய ஆரம்பித்தால் மருந்துக் கடைக்கு ஓட மாட்டார்கள். ஒரு கரும்பை வெட்டி நீளவாக்கில் பிளந்து பார்ப்பார்கள். உள்ளே சிவந்து, சிவப்புக்குக் குறுக்கே வெள்ளைத் திட்டுகள் இருந்து, மோந்து பார்த்தால் புளித்த வாடை அடித்தால் அது செவ்வழுகல். இல்லையென்றால் தண்டுப்புழுவா, இரும்புச்சத்துக் குறைவா, வேரில் தண்ணீர் நின்றுவிட்டதா என்று அடுத்த கேள்விக்குப் போவார்கள்.

செம்மண்டலத்தில் வீடும், சிதம்பரம் போகும் வழியில் நிலமும் உள்ள ஒரு கரும்பு விவசாயிக்கு இந்தப் பழக்கம், கரும்பே இல்லாத ஓர் இடத்தில் கைகொடுத்தது. அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் 300 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீர் தயாரித்து, மீன்களோடு உயிருள்ள பவளங்களும் வளர்க்கிறார். உரிய அனுமதியோடு இறக்குமதியாகும் பவளத்தை அங்கே கடையில் வாங்கலாம். பொங்கலுக்கு ஊருக்கு வந்து 12 நாள் இருந்துவிட்டுத் திரும்பியவர், இரண்டாம் நாள் காலையில் வீடியோ அழைப்பில் வந்தார்.

"அப்பா, பவளத்துக்கெல்லாம் ஏதோ நோய் வந்துடுச்சு. வெள்ளை வெள்ளையா ஆகுது. பாக்டீரியாவுக்கு மருந்து வாங்கிட்டு வந்திருக்கேன்."

"ஊத்திட்டியா?"

"இன்னும் இல்லப்பா."

"ஊத்தாத தம்பி. மொதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு."

அப்பாவுக்குப் பவளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால், எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

பவளம் என்பது என்ன?

பவளம் பார்க்கச் செடி போல இருக்கும். தொட்டால் கல் போல இருக்கும். உண்மையில் அது விலங்கு. கடுகு அளவிலிருந்து காசு அளவு வரையுள்ள ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் ஒட்டி வாழும் குடியிருப்பு அது. இந்த உயிருக்குப் பாலிப் என்று பெயர். ஒவ்வொரு பாலிப்பும் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொள்ளும்.

பாலிப்பின் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சமைக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு உரமாகிறது. பயறு வகைச் செடியின் வேர் முடிச்சில் ரைசோபியம் இருப்பதைப் போன்ற கூட்டுவாழ்க்கை இது. பழுப்பு நிறத்தைத் தருவது அந்தப் பாசிதான். பச்சை, ஊதா போன்ற நிறங்களைப் பவளமே உண்டாக்கிக்கொள்கிறது. சூடு தாங்காமலோ வெளிச்சம் மிகுந்தோ போனால் இந்தக் கூட்டு முறிந்து, பாசி வெளியேறிவிடும். பிறகு கண்ணாடி போன்ற தசை வழியாக அடியிலுள்ள சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரியும். இதைத்தான் வெளுப்பு என்கிறோம்.

வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல. அது பட்டினி கிடக்கும் பவளம். நிலைமை சீரானால் பாசி மீண்டும் பெருகும். நாள் கடந்தால் பட்டினியிலேயே பவளம் செத்துப்போகும்.

அப்பா கேட்ட நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: "எங்கேர்ந்து ஆரம்பிச்சுது? அடியிலேர்ந்தா, நுனியிலேர்ந்தா, மொத்தமாவா?"

நெல்லில் அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. குருத்து இலை வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. எங்கே ஆரம்பித்தது என்பதே பாதிக் கண்டுபிடிப்பு. பவளத்திலும் அப்படித்தான். வெளிச்சம் படும் மேல்பக்கம் அல்லது உடம்பு முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் சூடு, வெளிச்சம் பக்கம் பார்க்க வேண்டும். அடியிலிருந்து தசை உரிந்து மேலே ஏறினால் தண்ணீரின் சேர்மானத்தில் ஏற்ற இறக்கம் இருந்திருக்கலாம். அங்கங்கே கடித்தது போலத் திட்டுகள் இருந்தால் பூச்சி அல்லது பவளத்தைக் கொறிக்கும் மீனைச் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாம் கேள்வி: "ஒரு ரகத்துக்கா, எல்லாத்துக்குமா?"

ஒரே ரகம் மட்டும் அடிவாங்கினால் அந்த ரகத்தைத் தேடி வரும் பூச்சியோ நோயோ காரணமாகலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல ரகங்கள் ஒரே வாரத்தில் வாடினால், எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது தண்ணீர்தான்.

மூன்றாம் கேள்வி: "மெதுவாவா, திடீர்னா?"

நான்காம் கேள்வி: "கடைசி பதினஞ்சு நாள்ல என்ன மாறுச்சு?"

மகன் முதலில் "ஒண்ணும் மாறலப்பா" என்றார். அப்பா விடவில்லை. "நீ ஊருக்கு வந்தியே, அது மாத்தம் இல்லியா?"

தொட்டியில் தெரிந்தவை

இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார் அப்பா. வயலில் இரவுப் புழுவைத் தேடுவது போலத்தான். பவளம் பெரும்பாலும் இரவில்தான் கைகளை நீட்டி இரை தேடும். அதைத் தின்னும் பூச்சிகளில் பலவும் இரவில்தான் வெளியே வரும்.

தட்டுத் தட்டாக வளரும் மாண்டிபோரா பவளம் முழுக்க வெளுத்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில் பொடிப்பொடியாகப் பாலிப்புகள் தெரிந்தன. உயிர் இருக்கிறது, இது வெளுப்பு.

மான்கொம்பு போல வளரும் அக்ரோபோராவில் அடிப்பாகத்தின் தசை உரிந்து வெறும் எலும்பு தெரிந்தது. முதலில் உரிந்த இடத்தில் பச்சைப் பாசி படர ஆரம்பித்திருந்தது. உயிருள்ள தசைமேல் அப்படிப் பாசி படராது. ஆகவே அந்தப் பகுதி செத்துவிட்டது. இது தசை அழுகல். மெதுவாக ஏறினால் வாரக்கணக்கு, வேகமாக வந்தால் ஒரே நாளில் முழுப் பவளத்தையும் உரித்துவிடும்.

சுத்தியல் பவளம் என்று கடையில் விற்கும் யூஃபிலியாவின் ஒரு தலையில் பழுப்பு நிறத்தில் கோழை போல ஏதோ தொங்கியது. அந்தத் தலையை வெளியே எடுத்தபோது அழுகல் நாற்றம். செவ்வழுகல் கரும்பைப் போலவே இங்கும் மூக்கு சாட்சி சொன்னது. பழுப்புக் கோழை நோய் என்பது இதுதான். அந்தக் கோழைக்குள் பவளத் தசையைத் தின்னும் நுண்ணுயிர்கள் கூட்டமாக இருக்கும். ஏற்கெனவே அடிபட்ட அல்லது பலவீனமான பவளத்தில் அவை எளிதில் ஏறிக்கொள்ளும்.

பூச்சி இருக்கிறதா என்று குழாய் பம்பால் கிளைகளுக்கு இடையே தண்ணீரைப் பீய்ச்சி, கீழே விழுவதை வெள்ளைத் தட்டில் பிடித்துப் பார்த்தார் மகன். தட்டைப்புழுவும் இல்லை, முட்டையும் இல்லை.

தண்ணீர் சொன்ன கணக்கு

மூன்று பவளத்துக்கு மூன்று விதமான அறிகுறி. மூன்றுக்கும் தனித்தனி மருந்து என்றால் கடைக்காரருக்குத்தான் லாபம். அடுத்து தண்ணீரைச் சோதித்தார்கள். பவளத் தொட்டியில் பொதுவாக இருக்க வேண்டிய அளவுகள் இவை:

வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ்.
உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு.
கார அமிலத்தன்மை 8.1 முதல் 8.4.
காரத்தன்மை 7 முதல் 10 டிகேஎச்.
கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம்.
மெக்னீசியம் லிட்டருக்கு 1,250 முதல் 1,400 மில்லிகிராம்.
அம்மோனியா பூஜ்ஜியம்.
நைட்ரேட், பாஸ்பேட் மிகக் குறைவாக. ஆனால், பூஜ்ஜியமாகக் கூடாது.

உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைக் கேமராவில் காட்டியதும் அப்பா சிரித்துவிட்டார். ஆலைக்காரர்கள் வயலுக்கு வந்து கரும்புச் சாற்றின் பிரிக்ஸ் பார்க்கும் அதே கருவி, அளவுக்கோடுகள்தான் வேறு. "அதை முன்னாடி சரிபார்த்தியா?" என்று கேட்டார். பிரிக்ஸ் மீட்டரைச் சுத்தமான தண்ணீரில் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் சாற்றை விடுவார்கள். உப்பு மீட்டருக்கு 35 அளவுள்ள மாதிரிக் கரைசலை விட்டுச் சரிபார்ப்பது நல்லது. பார்த்ததில் உப்பு சரியாகவே இருந்தது.

வெப்பம் 27 டிகிரி. ஆனால், அது இன்றைய கணக்கு. வெப்பமானியின் நினைவில் பதிந்திருந்த உச்ச அளவைப் பார்த்தால் 31.4. ஆள் இல்லாத வீட்டில் ஏ.சி. 12 நாளும் ஓடவில்லை. ஜன்னலும் மூடியிருந்தது.

காரத்தன்மை 11.6. ஊருக்குப் புறப்படும்போது அது 8. இங்கேதான் முடிச்சு இருந்தது. வளரும் பவளம் கூடு கட்டத் தினமும் கார்பனேட்டை எடுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்ட ஒரு சிறு பம்பு வேளாவேளைக்குக் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தது. சூட்டில் பவளம் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. பம்புக்கு அது தெரியாது, ஊற்றிக்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லாமல் காரத்தன்மை ஏறிவிட்டது. சூட்டில் தளர்ந்த பவளத்துக்கு இது இரண்டாவது அடி.

விவசாயிக்கு இது புதிது அல்ல. வெள்ளம் வடிந்த வயலில் பயிர் மஞ்சளாக நிற்கும். வேர் மூச்சுத் திணறிக் கிடக்கும்போது யூரியாவை அள்ளி வீசினால் பயிர் எடுக்காது. முதலில் வடிகால், பிறகு புது வேர், அதன்பிறகுதான் உரம். கடலூர் மாவட்டத்தில் 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

"பயிரு சாப்பிடாதப்போ நீ பாட்டுக்கு சோறு போட்டுக்கிட்டே இருந்திருக்க. மொதல்ல அந்தப் பம்பை நிறுத்து" என்றார் அப்பா.

செய்த சிகிச்சை

பம்பு நின்றது. காரத்தன்மையை ஒரே நாளில் இறக்கவில்லை. ஒரு நாளைக்கு 1 டிகேஎச்-க்கு மேல் மாறினால் அதுவே மறுபடியும் அதிர்ச்சி. காரத்தன்மை 8 உள்ள புதுக் கடல் தண்ணீர் தயாரித்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்றினார்கள். பத்து நாளில் 8.5-க்கு வந்தது.

புதுத் தண்ணீருக்கு எடுத்த ஆர்.ஓ. தண்ணீரையும் சோதித்தார்கள். சிங்கப்பூர் குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கக் குளோரமைன் சேர்க்கிறார்கள். ஆர்.ஓ. கருவியிலுள்ள கரி வடிகட்டி தேய்ந்துவிட்டால் குளோரமைன் தொட்டிக்குள் வந்துவிடும். முன்னெச்சரிக்கையாக வடிகட்டியையும் மாற்றினார் மகன்.

வெளுத்த மாண்டிபோராவுக்கு விளக்கின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தார். நாற்றுக்குப் பச்சை நிழல்வலை போடுவது போல. உள்ளே பாசி இல்லாததால் வெளியிலிருந்து உணவு தேவை. வாரம் இரண்டு முறை இரவில் நுண்ணுயிர்த் தீவனம் சிறிதளவு கொடுத்தார். அதிகம் கொடுத்தால் தண்ணீர் கெடும்.

அக்ரோபோராவில் அழுகல் ஏறிய இடத்துக்குமேல், நல்ல தசையில் ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி வெட்டினார். ஐந்து துண்டு கிடைத்தது. ஒவ்வொன்றையும் தனிப் பாத்திரத்தில், தொட்டித் தண்ணீரில் கலந்த அயோடின் கரைசலில், புட்டியில் போட்டிருந்த அளவும் நேரமும் மாறாமல் முக்கி எடுத்து, உடனடிப் பசையால் சிறு கல்லில் ஒட்டினார். கரும்புக் கரணையை விதைநேர்த்தி செய்து நடுவதும் இதுவும் ஒன்றுதான்.

யூஃபிலியாவில் கோழை பிடித்த தலையைத் தண்ணீர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எடுத்தார். ஓட்டம் இருந்தால் கோழை கரைந்து மற்ற தலைகளுக்கும் பரவும். குழாயால் கோழையை உறிஞ்சி வெளியே கொட்டினார். மீதித் தலைகள் வேறு வாளிக்குப் போயின.

வாங்கி வைத்த பாக்டீரியா மருந்து திறக்கப்படவே இல்லை. எல்லா மருந்தும் தவறு என்பதல்ல. ஆனால், தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்களும் இருக்கின்றன. மருந்து அவற்றையும் கொன்றால் அம்மோனியா ஏறும். மீனுக்கு விற்கும் செம்பு கலந்த மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றவே கூடாது. பவளம், இறால், சங்கு எதுவும் அதைத் தாங்காது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தொட்டியில் பாய் போலப் படரும் சோவாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவை ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் வேகவைக்கக் கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

இரண்டரை மாதத்தில் மாண்டிபோராவின் ஓரங்களில் பழுப்பு திரும்பியது. அக்ரோபோராவின் தாய்க் கிளை போய்விட்டது. ஐந்து துண்டில் மூன்று பிழைத்தன. யூஃபிலியா மொத்தமும் போனது. "மூணுக்கு ரெண்டு பொழைச்சுது. கரும்புல செவ்வழுகல் வந்த தூர்ல ஒண்ணுகூடப் பொழைக்காது" என்று மகனைத் தேற்றினார் அப்பா. இப்போது அந்த வீட்டில் வெப்பம் 28-ஐத் தாண்டினால் கைப்பேசிக்குத் தகவல் வருகிறது. தண்ணீரைக் குளிரவைக்கும் கருவியும் வந்துவிட்டது.

கடலுக்குக் குளிரூட்டி இல்லை

இதே நோய் நம் கடலிலும் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. 1986-இல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அங்கும் அக்ரோபோரா, மாண்டிபோரா வகைகள் நிறைய உண்டு. கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் அவை வெளுக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வந்து கடல் குளிர்ந்ததும் பல பவளங்கள் தேறிவிடும். 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் சூடு கடுமையாக இருந்ததால் பெருமளவில் செத்தன.

தொட்டியில் விளக்கைக் குறைக்கலாம், கடலில் முடியாது. அதனால் அங்கே நடக்கும் சிகிச்சை நடவுதான். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர், சூட்டைத் தாங்கி நின்ற பவளங்களிலிருந்து சிறு துண்டு எடுத்து, சிமென்ட் பலகைகளில் கட்டிக் கடலடியில் வைத்து வளர்க்கிறார்கள். 2002 முதல் இந்த வேலை நடக்கிறது. நோய் தாங்கிய தூரிலிருந்து விதைக்கரணை எடுக்கும் அதே அறிவு. பவளப்பாறை இருந்தால் மீனுக்கு வீடு உண்டு. அலையின் வேகமும் கரையை அடையும்முன் குறையும்.

நம் வீட்டில் வைக்கலாமா?

இதைப் படிக்கும் வாசகர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. வைக்கக் கூடாது. 2001 முதல் கடினப் பவளங்கள், கருப்புப் பவளம், தீப் பவளம், கடல் விசிறி ஆகியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. உயிருள்ளதை மட்டுமல்ல, கரையில் ஒதுங்கிய செத்த பவளத்தை எடுத்துவந்து அலமாரியில் வைப்பதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. ராமேஸ்வரம் பக்கம் போகும்போது யாராவது விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடல் தொட்டி ஆசை உள்ளவர்கள் மீனோடு நிறுத்திக்கொள்ளலாம். பிடித்த மீனைவிடத் தொட்டியிலேயே பிறந்த மீன் நன்றாகப் பிழைக்கும். கோமாளி மீன் போன்ற கடல் வண்ண மீன்களைக் குஞ்சு பொரிக்கவைக்கும் ஆராய்ச்சி, பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்திலும் நடந்திருக்கிறது. தொட்டி வாங்கும் முன் பரங்கிப்பேட்டை வரை ஒருமுறை போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

மீன் தொட்டியானாலும், இறால் குட்டையானாலும், கரும்புத் தோட்டமானாலும் வாடல் கண்ட அன்றே மருந்தை எடுக்காதீர்கள். எங்கே ஆரம்பித்தது, எதற்கெல்லாம் வந்தது, எவ்வளவு வேகம், முன்பு என்ன மாறியது என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு தண்ணீரைச் சோதியுங்கள். ஆலோசனை கேட்கப் போகும்போது அந்தத் தாளையும் கையில் கொண்டுபோங்கள். எந்த நிபுணரும் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.